வெள்ளாடும் கருங்காலியும்: சென்ற் ஹெலினாத் தீவில் சுதேச மரங்களின் மீட்சியும் மக்கள் உழைப்பும்

தமிழிலக்கிய மாணவருக்கு நிலமும் மரமும் புதிய ஆய்வுப் பொருள்கள் அல்ல. தொல்காப்பியப் பொருளதிகாரம் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியவற்றை ஒரே நிரலில் வைக்கின்றது. மரத்தையும் தொழிலையும் ஒருங்கு வைத்தெண்ணிய இந்நோக்கு தற்செயலானதன்று. ஒரு நிலத்தில் எம்மரம் நிற்கின்றது என்பதனை, அந்நிலத்து மாந்தர் எவ்வாறு உழைத்து உண்கின்றனர் என்பதிலிருந்து பிரித்தறிய முடியாது என்னும் உணர்வு அதன் அடியில் உள்ளது எனலாம். இன்று சுற்றாடற் பாதுகாப்பு என்ற பெயரில் நடைபெறும் விவாதங்களிற் பல இவ்வுணர்வை இழந்து நிற்கின்றன. ‘மனிதன்’ காட்டை அழித்தான், ‘மனிதன்’ மீண்டும் மரம் நடவேண்டும் என்று பொதுமைப்படப் பேசப்படுகின்றது. எந்த மனிதன், யாருடைய நலனுக்காக, எத்தகைய உற்பத்தி உறவுகளின் கீழ் அழித்தான் என்ற வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. அவை எழுப்பப்படாதவிடத்து, மீண்டும் நடுபவர் யார், நட்டது யாருக்கு உரியது என்ற வினாக்களும் மறைந்துபோகின்றன.

இவ்வினாக்களைக் குறிப்பிட்ட ஓரிடத்தில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தென் அத்திலாந்திக் சமுத்திரத்திலுள்ள சென்ற் ஹெலினாத் தீவு இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றது. அதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, 1502ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் கண்டறியும் வரை அத்தீவில் மக்கள் வாழ்ந்திலர். ஆகவே அங்குக் காடழிந்த வரலாறு முழுவதும் எழுத்துப் பதிவுகளின் காலத்துக்குள் அடங்குகின்றது. இரண்டாவது, அத்தீவை ஆண்டது சென்னையை ஆண்ட அதே ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியாகும். மூன்றாவது, 2000ஆம் ஆண்டில் அத்தீவு மக்கள் தாமே திரண்டு, அழிந்த காட்டின் நிலத்தில் அக்காட்டுக்குரிய மரத்தையே மீண்டும் நடத் தொடங்கினர்.

1. தீவும் அதன் மரங்களும்

சென்ற் ஹெலினா ஆபிரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,900 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. பரப்பளவு 122 சதுர கிலோமீற்றர். எரிமலைக் குழம்பினால் உருவான இத்தீவு எக்கண்டத்துடனும் ஒருபோதும் இணைந்திருந்ததன்று. காற்றும் கடலும் பறவையும் கொண்டுவந்து சேர்த்த மிகச் சில வித்துக்களே அதன் தாவரங்கள் அனைத்துக்கும் மூலம். வந்து சேர்ந்தவை வெற்றிடத்தை நிரப்பும் முறையில் மாறின. இதனை இரு எடுத்துக்காட்டுகள் விளக்கும். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த தாவரங்கள் நம்மிடையே பெரும்பாலும் பூண்டுகளாகவும் சிறு செடிகளாகவுமே காணப்படுகின்றன. சென்ற் ஹெலினாவில் அக்குடும்பத்தின் வழித்தோன்றல்கள் குடை விரித்தாற்போன்ற மரங்களாயின. அவற்றுள் முதன்மையானது கம்வூட் என அழைக்கப்படும் மரம். அவ்வாறே பூவரசும் பருத்தியும் அடங்கிய குடும்பத்திலிருந்து அத்தீவின் கருங்காலியும் செம்மரமும் தோன்றின. நாம் கருங்காலி என்று வழங்கும் மரத்துக்கும் இதற்கும் இனத்தொடர்பு யாதுமில்லை. வைரத்தின் கருமை கருதி ஆங்கிலேயர் அதற்கு அப்பெயரிட்டனர்; அவ்வழக்கே இங்கும் கொள்ளப்படுகின்றது.

இம்மரங்கள் உயரத்துக்கேற்பப் பகுக்கப்பட்டு நின்றன. வறண்ட தாழ்நிலங்களிற் கருங்காலிப் புதர்களும், நடுத்தர உயரத்திற் கம்வூட் காடும், 800 மீற்றரைத் தாண்டும் உச்சிகளிலே மரப்பன்னங்களும் மூடுபனியை இலைகளில் ஏந்தி நீராக்கும் சிறு மரங்களும் காணப்பட்டன. புல் மேயும் விலங்கு எதுவும் அங்கு இருந்ததில்லை. ஆகவே முள், நச்சுப்பால் முதலிய தற்காப்புகள் அங்குப் பெரிதும் வளர்ச்சியடையவில்லை. அடுத்து நிகழ்ந்ததை விளங்கிக்கொள்வதற்கு இது இன்றியமையாத செய்தியாகும்.

2. அழிவின் அரசியற் பொருளாதாரம்

போர்த்துக்கேயர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு வெள்ளாடுகளை விட்டுச் சென்றனர். கீழைத் தேசங்களிலிருந்து திரும்பும் கப்பல்களுக்கு இறைச்சி தேவைப்பட்டது; ஆட்டைத் தீவில் விட்டால் அது தானே பெருகும் என்பது அவர்தம் கணிப்பு. 1588இல் அங்கு வந்த ஆங்கிலக் கடலோடி தோமஸ் கவெண்டிஷ் பெருமந்தைகளைக் கண்டு பதிவு செய்தார். 1659இற் கிழக்கிந்தியக் கம்பனி தீவைக் கைப்பற்றிக் குடியேற்றம் அமைத்தபோது, ஆட்டுடன் கோடரியும் வந்து சேர்ந்தது.

கம்பனிக்கு அத்தீவு ஒரு தங்குதுறை. நீர், இறைச்சி, காய்கறி, கோட்டை ஆகியவையே அதன் பயன். மரம் இவற்றுக்கெல்லாம் செலவில்லாத மூலப்பொருளாகக் கருதப்பட்டது. தோல் பதனிடுவோர் செம்மரத்தினதும் கருங்காலியினதும் பட்டையை எட்டிய உயரம் வரை உரித்துவிட்டு மரத்தை நின்றவாறே சாகவிட்டனர். கோட்டை கட்டுவதற்கான சுண்ணாம்பைச் சுடும் காளவாய்களிலே கருங்காலி விறகாயிற்று. கிழங்கிலிருந்து சாராயம் வடிப்போருக்கும் விறகு வேண்டியிருந்தது. இவ்வேலைகளின் சுமையில் பெரும்பங்கு மடகாஸ்கரிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகளின் தோளிலே விழுந்தது. மரத்தை வெட்டிய கை அம்மரத்தின் மீது எவ்வுரிமையும் பெற்றிருக்கவில்லை. உரிமை பெற்றிருந்தோரோ அதனை வெட்டவுமில்லை, அதன் நிழலில் தம் பேரப்பிள்ளைகள் வாழ்வர் என எதிர்பார்க்கவுமில்லை. அவர்களுட் பலருக்குத் தீவு சில ஆண்டுப் பதவிக்காலமாகவே இருந்தது.

காட்டின் அழிவு உடனடியாகக் கண்ணுக்குப் புலப்படாமைக்கு ஓர் உயிரியற் காரணமும் உண்டு. ஆடு முதுமரத்தைக் கொல்வதில்லை, கன்றுகளையே தின்கின்றது. முதுமரங்கள் பல தசாப்தங்கள் நிமிர்ந்து நிற்கும். காடு காடாகவே தோன்றும். ஆயின் அவற்றின் அடியில் அடுத்த தலைமுறை இல்லை. முதுமரங்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் மூப்பெய்தி வீழும்போதே காடு ஏற்கனவே அழிந்துவிட்டமை தெரியவரும். 1836இல் அங்குத் தங்கிய சார்ள்ஸ் டார்வின் இவ்வுண்மையைத் தெளிவாக எடுத்துரைத்தார். நிலத்தில் மிகுதியாகக் கிடைத்த, உயிருடன் எங்கும் காணப்படாத நத்தைகளின் ஓடுகளைக் கண்டு, காட்டின் அழிவோடு அவையும் அழிந்தன என அவர் கருதினார். ‘பெருங்காடு’ எனப்பட்ட கம்வூட் வனம் பரவியிருந்த கிழக்குப் பகுதியில் இன்று லோங்வூட், டெட்வூட் என்னும் இடப்பெயர்கள் வழங்குகின்றன. முன்னது ‘நெடுங்காடு’ என்றும் பின்னது ‘செத்த மரம்’ என்றும் பொருள்படும். தீவின் வரலாறு அவ்விரு பெயர்களுக்குள் அடங்கிக் கிடக்கின்றது எனின் மிகையாகாது.

அறியாமையினாலே அழிவு நேர்ந்தது என்று சிலர் வாதிடுவர். கம்பனியின் பதிவேடுகள் அவ்வாதத்துக்கு இடங்கொடுப்பதாயில்லை. பெருங்காட்டைச் சுற்றி மதிலெழுப்புமாறு பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆணைகள் பிறந்தன. 1731இல் அலைந்து திரியும் ஆடுகளைக் கொல்லுமாறு உத்தரவிடப்பட்டது. அதன்பின் இளமரங்கள் தாமாகவே முளைத்தெழுந்தமையும் பதிவு செய்யப்பட்டது. நோயும் அறியப்பட்டிருந்தது, மருந்தும் அறியப்பட்டிருந்தது. ஆயினும் 1745 அளவில், கருங்காலிக் கன்றுகளை ஆடுகள் பட்டையுரித்துத் தின்கின்றன, ஆகவே அவற்றைக் கொல்ல ஆணையிட்டுள்ளேன் எனத் தீவின் ஆளுநர் இலண்டனுக்கு எழுதியபோது, கருங்காலியிலும் ஆடே பயனுடையது, எனவே ஆடுகளைக் கொல்லலாகாது என்ற கருத்துப்பட இயக்குநர் சபை மறுமொழி அனுப்பிற்று.

இம்மறுமொழி ஒரு தனி அதிகாரியின் மூடத்தனமன்று. கம்பனியின் கணக்குப் புத்தகத்தில் ஆடு இந்த ஆண்டின் வரவு; கருங்காலியோ இன்னும் ஐம்பது ஆண்டின் பின் வரக்கூடிய நிழல், நீர், மண். வணிக மூலதனத்தின் கண்ணுக்கு முன்னதே பொருள், பின்னது பொருளன்று. பிரெடெரிக் ஏங்கெல்ஸ் 1876இல் எழுதிய, குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்பின் பங்கு பற்றிய கட்டுரையில் இதனையொத்த ஓர் எடுத்துக்காட்டைத் தருகின்றார். கியூபாத் தீவின் ஸ்பானியத் தோட்டக்காரர் மலைச்சரிவுக் காடுகளை எரித்து, அச்சாம்பலைக் கொண்டு ஒரு தலைமுறைக் கோப்பிச் செடிகளுக்கு எருவிட்டனர். பின்னர் பெருமழை மண்ணை அடித்துச் சென்று வெறும் பாறையை விட்டுச் செல்வது பற்றி அவர்களுக்குக் கவலை இருக்கவில்லை என்பது அவர் கூற்றின் சாரம். உடனடிப் பயனை மட்டுமே கருதும் உற்பத்திமுறை அதன் பின்விளைவுகளுக்குப் பொறுப்பேற்பதில்லை என்பதே அவர் உணர்த்தியது. இலங்கையின் மலையகக் காடுகள் கோப்பிக்காக அழிக்கப்பட்ட வரலாற்றை அறிந்த நமக்கு இது அந்நியமான செய்தியன்று.

3. நடுகை எல்லாம் மீட்சியாகுமா?

மரம் நடுதல் தன்னளவில் நற்செயல் என்ற எண்ணமும் வரலாற்றின் முன் சோதிக்கப்பட வேண்டியதே. 1808 முதல் 1813 வரை தீவின் ஆளுநராயிருந்த அலெக்சாந்தர் பீற்சன் சென்னைப் படையிற் பணியாற்றியவர். திப்பு சுல்தானுக்கெதிரான இறுதிப் போர் பற்றி நூலெழுதியவர். ஆடுகளின் கேட்டை அவர் நன்கறிந்திருந்தார். 1816இல் அவர் வெளியிட்ட தீவு பற்றிய நூலில், இந்தியாவிற் கம்பனியின் தாவரவியலாளராயிருந்த வில்லியம் ரொக்ஸ்பரோ தொகுத்த தாவரப் பட்டியலும் இடம்பெற்றது. ஆயினும் அக்காலத்தை ஒட்டி நடப்பட்டவற்றுட் பெரும்பாலானவை தீவின் மரங்கள் அல்ல. விரைவில் விறகும் பலகையும் தரும் ஐரோப்பியப் பைன் போன்றவையே. விறகுக்கெனக் கொண்டுவரப்பட்ட மஞ்சட்பூ முட்செடியும் மேய்ச்சல் நிலங்களைப் பீடிக்கும் களையாகப் பரவிற்று.

இதனிலும் பெரிய எடுத்துக்காட்டு நியூசிலாந்து நார்ச்செடியாகும். வாள்போன்ற நெடிய இலைகளையுடைய இச்செடியிலிருந்து கயிறும் சாக்கு நூலும் திரிக்கப்பட்டன. 1907இல் அரசாங்க ஆலை நிறுவப்பட்டது முதல், இரு உலகப் போர்களின் தேவையும் சேர, தீவின் நடுமலைத்தொடர் வரை நார்ச்செடி ஏறிற்று. எஞ்சியிருந்த மூடுபனிக் காடு அதற்கு இடமளித்து ஒதுங்கியது. மக்களின் கூலி வாழ்வு முழுவதும் அந்த ஒரே பயிரிற் கட்டப்பட்டது. பிரித்தானியத் தபாற் திணைக்களம் பொதிகளைக் கட்டச் செயற்கை நூலுக்கு மாறியபோது, 1966 அளவில், ஆலைகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான மைல்களுக்கப்பால் ஓர் அலுவலகம் எடுத்த கொள்வனவு முடிவு ஒரு தீவின் பொருளாதாரத்தையே நிறுத்திற்று. தொழிலாளர் வேலையிழந்தனர், செடியோ நின்றது. வெட்டுவாரின்றி அது உச்சிக் காட்டை நெருக்கிக்கொண்டே சென்றது.

ஆகவே பச்சை நிறம் மட்டுமே மீட்சியின் அளவுகோலாகாது. நார்ச்செடி மூடிய மலையும் தொலைவிலிருந்து பசுமையாகவே தோன்றும்.

4. பாறை விளிம்பில் எஞ்சியவை

மீட்சியின் தொடக்கம் அரசாணையிலிருந்து வரவில்லை. தீவின் வனத் தொழிலாளியாயிருந்து, மலைகளைக் கால்நடையாக அறிந்த ஜோர்ஜ் பெஞ்சமின், 1977இல், அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட சென்ற் ஹெலினா ஒலிவ மரம் ஒன்றைக் கண்டறிந்தார். 1980இல், தாவரவியலாளர் குவென்ரின் குரொங்குடன் சென்றபோது, நூறாண்டுக்கு மேலாக அற்றுப்போனதாகக் கொள்ளப்பட்ட கருங்காலியை அவர் கண்ணுற்றார். ஆடும் எட்டமுடியாத செங்குத்துப் பாறையில் இரண்டே புதர்கள் தொங்கி நின்றன. பெஞ்சமினின் சகோதரர் கயிற்றில் இறங்கித் துண்டுகளை வெட்டி வந்தார். அத்துண்டுகளிலிருந்து நாற்றுமேடையிற் பெருக்கப்பட்டவையே இன்று தீவெங்கும் நடப்பட்டுள்ள ஆயிரக்கணக்கான கருங்காலிகள்.

ஒலிவத்தின் கதை வேறு. காட்டில் எஞ்சிய அத்தனி மரம் 1994இல் மடிந்தது. வளர்ப்பில் இருந்த கடைசிச் செடியும் 2003இற் பட்டுப்போயிற்று. ஓர் இனம் உலகிலிருந்தே நீங்கியது. செம்மரம் காட்டில் இல்லை. வளர்ப்பில் உள்ளவை யாவும் ஒரே மரத்தின் வழிவந்தவை என்பதால் வலிமை குன்றியுள்ளன. தனியொரு மரத்தின் சந்ததி தன்னுள்ளேயே கலப்பதால் மெலிகின்றது. சில இனங்களிலே தன் மகரந்தத்தால் தான் வித்தே பிடிப்பதில்லை. ஒரு மரத்தைக் காப்பது இனத்தைக் காப்பதாகாது; பல்வேறு மரங்கள் ஒன்றுக்கொன்று அண்மையில் நின்று கூட்டமாக வாழ்தல் வேண்டும்.

இங்கு ஒன்று மனங்கொளத்தக்கது. காட்டின் அறிவு ஆவணக் களஞ்சியங்களில் மட்டும் இருக்கவில்லை. விறகும் நாரும் சுமந்து அம்மலைகளில் நடந்த உழைப்பாளரின் கால்களிலும் கண்களிலும் இருந்தது. பல்கலைக்கழகம் சார்ந்த தாவரவியலும் அவ்வறிவும் சந்தித்தபோதே கருங்காலி மீண்டது.

5. மக்கள் நட்ட காடு

கம்வூட் மரம் சிறு தொகுதிகளாக எஞ்சியிருந்தது. 1990களின் தொடக்கத்தில் அவற்றையும் இழக்கும் நிலை தோன்றிற்று. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட சாறுறிஞ்சிப் பூச்சியொன்று மரங்களைப் பீடித்து, அதன் கழிவில் வளர்ந்த கரும்பூஞ்சணம் இலைகளை மூடியது. 1993இல் அப்பூச்சியை மட்டுமே உண்ணும் ஒருவகைப் பொறிவண்டு கொண்டுவரப்பட்டு வளர்த்து விடப்பட்டது. இரண்டோர் ஆண்டுகளிற் பூச்சி ஒடுங்கிற்று, மரங்கள் பிழைத்தன. காடு இருந்ததையே மறந்திருந்த பலருக்கு, எஞ்சியதும் போய்விடக்கூடும் என்ற அச்சத்தை இந்நிகழ்ச்சி ஊட்டியது.

இப்பின்னணியிலேயே 2000ஆம் ஆண்டு ‘மிலேனியக் காடு’ தொடங்கியது. பெருங்காடு ஒருகாலத்தில் நின்ற, ஆயின் மண்ணரிப்பினால் வெறும் தரிசாகிவிட்ட கிழக்குப் புறத்து ஹோர்ஸ் பொயின்ற் நிலம் தெரிவு செய்யப்பட்டது. ஐயாயிரம் வரையான மக்களே வாழ்ந்த தீவில், குடும்பங்களும் பாடசாலைச் சிறுவரும் முதியோரும் ஆளுக்கொரு கம்வூட் கன்றை நட்டனர். புத்தாயிரத்தைக் கொண்டாடப் பல நாடுகளில் மண்டபங்களும் கோபுரங்களும் எழுந்த ஆண்டில், இம்மக்கள் தம் வரலாறு வெட்டி வீழ்த்திய ஒன்றை மீள எழுப்புவதைத் தெரிந்தனர்.

நடுதல் ஒருநாட் பணி; அதன்பின் வருவது நெடிய உழைப்பு. அந்நிலம் காற்றோட்டமுள்ளது, வறண்டது. நீர் குழாய்வழி கொண்டுவரப்பட வேண்டும். படர்புல் கன்றை நெரிக்கும், களையெடுக்க வேண்டும். ஆட்டின் இடத்தை முயல் எடுத்துக்கொண்டது. கன்றுக்கு வேலி வேண்டும். கன்று மரமாகி, வித்து விழுந்து, அது தானே முளைத்தால் மாத்திரமே அதனைக் காடு எனலாம். அதுவரை அது தோட்டமே. உச்சி மலையில் நார்ச்செடியை அகற்றும் பணியும் இத்தகையதே. ஒரே வீச்சில் வெட்டினால் மண் சரியும். வேறு களை புகும். எனவே சிறு சிறு துண்டாகக் கையால் வெட்டி, அவ்விடத்தில் உடனே சுதேச மரத்தை நட்டு, வேர்பிடித்தபின் அடுத்த துண்டுக்குச் செல்ல வேண்டியுள்ளது. மூடுபனியை ஏந்தி ஊற்றுக்களுக்கு நீரூட்டுவது அக்காடு என்பதால், இது அழகுணர்ச்சி பற்றியதன்று, குடிநீர் பற்றியது.

முன்னைய நடுகைகளுக்கும் இதற்கும் இடையிலான வேறுபாடு மரவகையில் மட்டும் இல்லை. பைனும் நார்ச்செடியும் பிறர் தேவைக்காக, பிறர் ஆணைப்படி, கூலிக்கோ அடிமையாகவோ நடப்பட்டவை. கம்வூட் கன்றை நட்டோர் தம் உழைப்பின் பயனைத் தாமே வரையறுத்தனர். இயற்கையிலிருந்து அந்நியமாக்கப்பட்ட உழைப்பு, மிகச் சிறிய அளவிலேனும், தன் பொருளோடு மீண்டும் உறவு கொண்டது எனலாம். நட்டவர்களில் அடிமைகளின் வழித்தோன்றல்களும் இருந்தனர் என்பது இதற்கு மேலும் ஆழமளிக்கின்றது.

6. முரண்பாடுகள்

எனினும் இதனை ஒரு வெற்றிக் காவியமாகப் பாடுதல் ஆய்வாளனுக்குத் தகாது. மூன்று முரண்பாடுகள் கவனத்துக்குரியன.

முதலாவது, ஊதியமற்ற உழைப்பு பற்றியது. சிரமதானம் என்ற சொல்லை நாம் நன்கறிவோம். மக்கள் தம் பொதுநலனைத் தாமே நிறைவேற்றும் உயர்ந்த வடிவமாகவும் அது இருக்கலாம். அரசு தன் கடமையை மக்களின் ஓய்வுநாளின் மீது சுமத்தும் உபாயமாகவும் இருக்கலாம். நடுவதற்கு ஒருநாட் திரள் போதும். இருபது ஆண்டு நீரூற்றிக் களையெடுப்பதற்கு நிரந்தரத் தொழிலாளரும் நாற்றுமேடையும் ஊதியமும் வேண்டும். நன்கொடையாளர் பெயரில் மரம் நடும் முறைகள் பணத்தைத் திரட்ட உதவுகின்றன. ஆயின் மரத்தின் மீது பெயர் பொறிக்கப்படுபவர் ஒருவரும் அதற்கு நீர் சுமப்பவர் இன்னொருவருமாக அமைந்துவிடுகின்றது.

இரண்டாவது, புலம்பெயர்வு. நார்த்தொழில் வீழ்ந்தபின் தீவின் இளைஞர் வேலைதேடி அசென்சன், போக்லாந்து, பிரித்தானியா என வெளியேறுவது வழமையாயிற்று. 1981இன் பிரித்தானியச் சட்டம் பறித்த முழுக் குடியுரிமை 2002இல் மீள வழங்கப்பட்டபின் வெளியேற்றம் மிகுந்தது. 1998க்கும் 2008க்கும் இடையில் மக்கள்தொகை குறிப்பிடத்தக்க அளவு வீழ்ச்சியடைந்தது. 2017இல் ஒழுங்கான விமான சேவை தொடங்கியபின்னும் தொகை ஏறத்தாழ 4,400 அளவிலேயே உள்ளது. கன்றை நட்ட சிறுவன் அது மரமாகும்போது அங்கில்லை. அடுத்த தலைமுறையற்ற காடு நிமிர்ந்து நின்றவாறே அழிகின்றது என மேலே கண்டோம். மக்கட் கூட்டத்துக்கும் இது பொருந்துமன்றோ? வாழ்வாதாரம் அற்றவிடத்து மரங்களின் மீட்சி தனித்து நிலைபெற முடியாது.

மூன்றாவது, இயற்கையின் உள்முரண்பாடு. வயர்பேர்ட் எனப்படும் அத்தீவுக்கேயுரிய ஆட்காட்டி இனப்பறவை திறந்த புல்வெளியை நாடி வாழ்வது. காடழிந்த வெளியிலும் வேறோர் அரிய உயிர் நிலைகொண்டுள்ளது. ஆகவே எல்லா வெளியையும் காடாக்குதல் என்ற எளிய சூத்திரம் செல்லாது. ஐந்நூறு ஆண்டு வரலாற்றை அழித்துவிட்டு 1502க்குத் திரும்புதல் இயலாத காரியம். அதன் விளைவுகளையும் கணக்கிற்கொண்டு முன்னோக்கிச் செல்லலே இயலும்.

7. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். சென்ற் ஹெலினாவின் காட்டை ‘மனிதன்’ அழிக்கவில்லை. தொலைவிலிருந்து கணக்கெழுதிய ஒரு வணிகக் கம்பனியின் சொத்துறவும், அதன்கீழ் உரிமையற்று உழைக்க நிர்ப்பந்திக்கப்பட்டோரின் உழைப்பும் அழித்தன. மருந்து அறியப்பட்டிருந்தும் அது பயன்படாமற் போனமைக்குக் காரணம் அறிவின்மையன்று, முடிவெடுக்கும் அதிகாரம் வேறெங்கோ இருந்தமையே. மீட்சியும் தொழினுட்பத்தால் மட்டும் வரவில்லை. மலையறிந்த தொழிலாளரின் அறிவும், விஞ்ஞானமும், தம் நிலத்தின் எதிர்காலத்தைத் தாமே தீர்மானிக்கத் துணிந்த மக்களின் கூட்டுழைப்பும் இணைந்தபோதே அது தொடங்கிற்று. அவ்வுழைப்புக்கு உரிய ஊதியமும், நட்டோர் தம் மண்ணிலேயே வாழும் வாய்ப்பும் கிட்டாதவரை அது தொடக்கமாகவே நின்றுவிடும் அபாயம் உண்டு.

எந்தத் தீவிலாயினும், எந்தக் கிராமத்திலாயினும், மரநடுகைத் திட்டமொன்று முன்வைக்கப்படும்போது கேட்கவேண்டிய வினாக்கள் இவையே: இம்மரம் இந்நிலத்துக்குரியதா? இதனைத் தெரிந்தவர் யார்? இருபதாம் ஆண்டில் இதற்கு நீரூற்றுபவர் யார், அவருக்குக் கூலி கொடுப்பவர் யார்? ஆட்டுக்கும் கருங்காலிக்கும் இடையே மீண்டும் ஒருமுறை தெரிவு செய்யவேண்டி வரின், அத்தெரிவைச் செய்யும் சபையில் அந்நிலத்து மக்களுக்கு இடமுண்டா? இவ்வினாக்களுக்கு விடையில்லாத திட்டம் எத்தனை இலட்சம் கன்றுகளைக் கணக்குக் காட்டினும், 1745இன் மறுமொழி மீண்டும் எழுதப்படுவதற்கே இடமளிக்கும்.